உடம்புக்குள்ளே ஒரு சுழல்நிதிக் கணக்கு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நலக்குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை பாக்கி எல்லாம் பேசி முடிச்சாச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி எங்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருக்காங்க. எல்லாரும் பசியோட இருக்கீங்க என்று தெரியுது. பரவாயில்லை, நாங்க பேச வந்ததும் சாப்பாட்டைப் பற்றித்தான். சாப்பிட்ட பிறகு அதில் இருக்கிற இரும்புச்சத்து எங்கே போகுது, யார் தூக்கிட்டுப் போறாங்க, எங்கே சேர்த்து வைக்கிறாங்க என்ற கணக்கைத்தான் சொல்லப் போறோம்.

"எனக்கு ரத்தம் கம்மி" என்று நம்மில் எத்தனை பேர் சொல்றோம்! களை எடுக்கப் போனால் மூச்சு வாங்குது, படி ஏறினால் நெஞ்சு படபடங்குது, சாயங்காலம் ஆனால் கால் கை ஓய்ஞ்சு போகுது. சில பேருக்கு அரிசியை வாயில் போட்டு மென்னுக்கிட்டே இருக்கணும் போலத் தோணும். சில பேர் விபூதி, செங்கல், அடுப்பு மண் தின்பார்கள். இதை வீட்டில் கேலி பண்ணுவாங்க. கேலிக்குரிய விஷயம் இல்லை. உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்து போனதுக்கு இதுவும் ஒரு அடையாளம்.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் நூற்றுக்கு 25 பேர். தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர். அப்படீன்னா 12 பேர் இருக்கிற ஒரு குழுவில் 6 பேர். ரத்தசோகை எல்லாமே இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை. ஆனால் பெரிய காரணம் அதுதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரத்தம் கம்மி என்றால் ரத்தம் அளவில் வற்றிப் போச்சு என்று அர்த்தம் இல்லை. ரத்தத்தில் சிவப்பணு என்று ஒன்று இருக்கு. அதற்குள்ளே ஹீமோகுளோபின் இருக்கு. அதைத்தான் நர்சம்மா ஹெச்.பி. என்று சொல்றாங்க. நாம மூச்சில் இழுக்கிற பிராணவாயுவை நுரையீரலில் இருந்து எடுத்துக்கொண்டு தலை முதல் கால் வரை கொடுக்கிற வேலை இந்த ஹீமோகுளோபினுடையது. பிராணவாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிற கை, அதில் உள்ள இரும்பு. இரும்பு இல்லாவிட்டால் கை இல்லை. ரத்தம் ஓடும், ஆனால் சரக்கில்லாமல் வண்டி ஓடுகிற மாதிரி வெறுமனே ஓடும்.

ஒரு பெண்ணின் உடம்பில் மொத்தம் எவ்வளவு இரும்பு இருக்கும்? இரண்டு, இரண்டரை கிராம். ஒரு சின்ன ஆணி அளவு, அவ்வளவுதான். அதில் பெரும்பங்கு ரத்தத்தில், ஹீமோகுளோபினில் இருக்கு. கொஞ்சம் தசைகளில் இருக்கு. நல்லாச் சாப்பிடுகிற பெண்ணாக இருந்தால் 300 மில்லிகிராம் போல ஈரலிலும் மற்ற இடங்களிலும் சேமிப்பாக இருக்கும். ஆம்பளைகளுக்கு இந்தச் சேமிப்பு ஏறக்குறைய 1000 மில்லிகிராம். சேமிப்பிலேயே இந்த வித்தியாசம்.

இப்போ ஒரு வேடிக்கையான கணக்கு. எலும்புக்குள்ளே இருக்கிற மஜ்ஜையில்தான் புது ரத்தம் ஊறுது. ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணு உண்டாகுது. இதுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேணும். ஆனால் சாப்பாட்டில் இருந்து உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டும். மீதி எங்கிருந்து வருது?

நம்ம குழுவுக்குக் கிடைச்ச சுழல்நிதியை நினைச்சுப் பாருங்க. அந்தப் பணம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. ஆனால் ஒருத்தி வாங்கி, கட்டி, அடுத்தவள் வாங்கி, அவள் கட்டி என்று எத்தனை வருஷமாகச் சுத்திக்கிட்டே இருக்கு! அதே கதைதான் உடம்பிலும். ஒரு சிவப்பணுவின் ஆயுசு ஏறக்குறைய 120 நாள், நாலு மாசம். கிழடான சிவப்பணுவை மண்ணீரலில் இருக்கிற சில அணுக்கள் பிடித்து உடைத்து, அதில் உள்ள இரும்பை மட்டும் பத்திரமாகப் பிரித்து எடுத்து மறுபடியும் ரத்தத்தில் விடுது. அது திரும்ப மஜ்ஜைக்குப் போய்ப் புது அணு ஆகுது. அந்த 20, 25 மில்லிகிராமில் பெரும்பகுதி இப்படித் திரும்ப வந்த பழைய இரும்புதான்.

மண்ணீரல் என்றதும் புரிஞ்சிருக்கும். கறிக்கடையில் நாம கேட்டு வாங்குற சுவரொட்டி அதுதான். பிள்ளை பெத்தவளுக்கும் வயசுக்கு வந்த பிள்ளைக்கும் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுங்க, ரத்தம் ஊறும் என்று நம்ம அப்பத்தாக்கள் சொல்லிட்டு இருந்தாங்க. இரும்பு பிரித்தெடுக்கிற பட்டறையே அந்த உறுப்புதான் என்பது அவங்களுக்குத் தெரியாது. ஆனால் சொன்னது சரி. ஆட்டுச் சுவரொட்டியில் கறியில் இருப்பதைவிடப் பல மடங்கு இரும்பு இருக்கு. நல்லா வேகவைத்துச் சாப்பிடணும், அது ஒன்றுதான் நாங்க சேர்த்துச் சொல்வது.

சரி, சாப்பாட்டில் இருக்கிற இரும்பு எப்படி உள்ளே வருது? இரைப்பையைத் தாண்டியதும் சிறுகுடலின் ஆரம்பத்தில் கொஞ்ச தூரம். அங்கேதான் இரும்புக்கு வாசல். அதைத் தாண்டிப் போய்விட்டால் பெரும்பாலும் வெளியேதான். அந்த வாசலில் எல்லா இரும்பையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. கறி, ஈரல், மீன், ரத்தப் பொரியல் இவற்றில் உள்ள இரும்புக்குத் தனி வாசல். அதில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை உள்ளே போயிடும். கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு, வெல்லம் இவற்றில் உள்ள இரும்பு வேறு வகை. அதில் சில சமயம் நூற்றுக்கு 2, சில சமயம் 20 வரை. எவ்வளவு போகும் என்பது கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

செடி கொடியில் இருந்து வருகிற இரும்பு துருப்பிடித்த மாதிரியான நிலையில் இருக்கும். அப்படியே வாசலில் விடமாட்டாங்க. அதை வேறு நிலைக்கு மாற்றினால்தான் உள்ளே நுழையும். மாற்றிக் கொடுப்பது இரைப்பையில் சுரக்கிற அமிலமும் வைட்டமின் சி-யும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, பச்சைமிளகாய், தக்காளி இவற்றில் வைட்டமின் சி இருக்கு. முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கும்போது எலுமிச்சை பிழிஞ்சு விட்டாலோ, சாப்பிட்டதும் ஒரு நெல்லிக்காயைக் கடிச்சாலோ அதே கீரையில் இருந்து அதிக இரும்பு கிடைக்கும். பைசா செலவில்லை. நெஞ்செரிச்சலுக்கு என்று கடையில் வாங்கி மாசக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுகிற அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மாத்திரை இரைப்பை அமிலத்தைக் குறைக்கும், அதனால் இரும்பு சேருவதும் குறையும். டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்க.

வாசலில் தடுக்கிற ஆளும் இருக்கு. அதில் நம்ம பக்கத்தில் முதல் ஆள் டீ. விடியாத நேரத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் வருகிற நம்ம பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! மலையில் குளிர். தூக்குவாளியைத் திறந்து சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உடனே ஒரு கட்டன் சாயா. அந்தத் துவர்ப்பு இருக்கு பாருங்க, அது வயிற்றில் இரும்பைப் பிடிச்சுக் கட்டிப்போட்டு வாசலுக்கு வராமல் செய்துவிடும். காப்பியும் அப்படித்தான், டீ அளவுக்கு இல்லை. டீயே குடிக்காதீங்க என்று நாங்க சொல்லமாட்டோம். சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மலைக்குளிரில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு டீயும் கூடாது என்று சொல்ல எங்களுக்கும் மனசு வராது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்க. சாப்பாட்டு நேரத்தில் வெறும் சுடுதண்ணி குடிங்க, டீயை அடுத்த இடைவேளைக்குத் தள்ளிவையுங்க. மேஸ்திரியிடம் பேசி டீ நேரத்தை மாற்றிக் கேட்பதும் தப்பில்லை.

இரண்டாவது ஆள் தானியத்தின் தோலிலும் பயறிலும் இருக்கிற ஃபைட்டேட் என்ற பொருள். கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராம் போல இரும்பு இருக்கு. கேழ்வரகில் நாலரை. கொள்ளில் 8-க்கும் மேலே. தீட்டின வெள்ளை அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணி பாய்ந்து இரண்டு போகம் நெல் விளைகிற ஊரில் மூணு வேளையும் அரிசிச்சோறு, இட்லி, தோசை என்றாகிவிட்டது. கம்பங்கூழ் குடிச்ச காலத்தை வறுமையோட சேர்த்து நினைக்கிறோம். ஆனால் இரும்புக் கணக்கில் அந்தக் கூழ்தான் பணக்காரக் கூழ். அதையும் ராத்திரி கரைச்சுப் புளிக்கவைத்துக் காலையில் குடிச்சாங்க. புளிக்கும்போது அந்த ஃபைட்டேட் உடைஞ்சு குறையும். பயறை முளைகட்டினாலும் குறையும். கூழுக்குக் கடிச்சுக்க சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும். வெங்காயமும் பூண்டும் சேர்த்தால் தானியத்தில் உள்ள இரும்பு கூடுதலாகக் கரைந்து கிடைக்கும் என்று மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ஆய்வுக்கூடத்தில் பார்த்து 2010-ல் எழுதியிருக்காங்க.

இன்னொரு விஷயம், நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்று பீட்ரூட், மாதுளை, நம்ம கம்பம் பன்னீர் திராட்சை என்று வாங்கிக் கொடுக்கிறோம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின திராட்சை, நமக்கெல்லாம் பெருமைதான். நல்லாச் சாப்பிடுங்க. ஆனால் அதில் இரும்பு ரொம்பக் கொஞ்சம். 100 ரூபாய்க்கு மாதுளை வாங்குகிற வீட்டில் அதே பணத்துக்குக் கொள்ளு, கம்பு, ஒரு கட்டு முருங்கைக்கீரை, நாலு நெல்லிக்காய் வாங்கினால் வாரம் முழுக்க வரும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியில் இருந்தும் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். பரணில் கிடக்கிற சட்டியை எடுத்துத் தேய்ச்சு வையுங்க.

குடலுக்குள் நுழைந்த இரும்பு தனியாக ரத்தத்தில் ஓடாது. தனியாக விட்டால் அது போகிற இடமெல்லாம் அரிக்கும், கெடுதல் செய்யும். அதனால் ஒரு வண்டி இருக்கு. டிரான்ஸ்ஃபெரின் என்று பேர். ஒரு வண்டியில் இரண்டே இரண்டு இரும்பு அணு ஏறும். நம்ம தோட்டத்து ஜீப்பில் மாதிரி 15 பேரை அடைக்க முடியாது. எந்த நேரத்தில் பார்த்தாலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளில் மொத்தம் 3 அல்லது 4 மில்லிகிராம் சரக்குதான் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்குப் பல நடை அடிக்கும். மண்ணீரலில் ஏற்றி மஜ்ஜையில் இறக்கும், திரும்ப ஓடும்.

தேவைக்கு மேல் இருப்பது சேமிப்புக்குப் போகும். அந்தச் சேமிப்புப் பெட்டிக்கு ஃபெரிட்டின் என்று பேர். உருண்டையான கூடு. ஒரு கூட்டுக்குள்ளே 4500 இரும்பு அணு வரைக்கும் அடுக்கி வைக்கலாம். ஈரலில் இது நிறைய இருக்கு. ஆட்டு ஈரல் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

குழுவில் பணம் வாங்கவும் கொடுக்கவும் ஒரு ஊக்குநர் வேணும் இல்லையா? இங்கே அந்த வேலையைச் செய்வது ஈரல். ஹெப்சிடின் என்ற ஒரு பொருளை ஈரல் சுரந்து ரத்தத்தில் விடுது. 2000, 2001 ஆண்டுகளில்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தாங்க. அதுவரைக்கும் இந்தக் கணக்கை யார் பார்க்கிறார் என்பதே தெரியாமல் இருந்தது. சேமிப்பு நிறைய இருந்தால் ஹெப்சிடின் கூடும், குடல் வாசல் அடைபடும். குடல் அணுவுக்குள் வந்து காத்திருக்கிற இரும்புகூட உள்ளே போகமுடியாது. மூணு நாலு நாளில் அந்த அணு உதிரும்போது அதோட சேர்ந்து வெளியே போய்விடும். சேமிப்பு தீர்ந்தால் ஹெப்சிடின் குறையும், வாசல் அகலமாகத் திறக்கும். உடம்பில் காய்ச்சல், தொற்று, ஆறாத புண் இருந்தாலும் ஹெப்சிடின் கூடிப் போகும். கிருமிகளுக்கும் இரும்பு வேணும், அதுக்குக் கிடைக்கக் கூடாது என்று உடம்பே பூட்டிவிடுது. அதனால்தான் அடிக்கடி சீக்கில் விழுகிற பிள்ளைக்கு எவ்வளவு கீரை கொடுத்தாலும் ரத்தம் ஏறமாட்டேன் என்கிறது. முதலில் சீக்கைக் குணப்படுத்தணும்.

இவ்வளவு கட்டுக்காவல் எதுக்கு? உள்ளே வந்த இரும்பை வேண்டாம் என்று வெளியே தள்ள உடம்புக்கு வழியே கிடையாது. உப்பு கூடினால் சிறுநீரில் போகும். இரும்பு அப்படிப் போகாது. தோல் உதிர்வது, குடல் அணு உதிர்வது, இப்படி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் போகும். ஆம்பளைக்கு அவ்வளவுதான் செலவு. நமக்கு இன்னொரு செலவு இருக்கு. ரத்தம்.

1 மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு. மாதவிலக்கில் சாதாரணமாக 30, 40 மில்லி ரத்தம் போகும். அதில் 15, 20 மில்லிகிராம் இரும்பு. நாள் கணக்குக்குப் பிரித்தால் தினம் அரை மில்லிகிராமுக்கு மேலே கூடுதல் செலவு. அதனால்தான் 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆணுக்குத் தினம் 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் உணவில் வேணும் என்று அளவு சொல்லியிருக்கு. நம்ம வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுறா? குழம்பில் மீன் துண்டு யார் தட்டுக்குப் போகுது? கூடுதல் தேவை யாருக்கோ, அவளுக்குச் சட்டியின் அடியில் இருப்பது. இதை மாற்ற மாத்திரை எதுவும் கிடையாது, வீட்டில் பேசித்தான் ஆகணும்.

பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். ஒருத்தியின் சாப்பாட்டில் 12 மில்லிகிராம் இரும்பு இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்க. நூற்றுக்கு 8 பங்கு சேர்ந்தால் வரவு ஏறக்குறைய 1 மில்லிகிராம். செலவு 1.4. தினம் 0.4 துண்டு விழுது. வருஷத்துக்கு 146 மில்லிகிராம். சேமிப்பு 300 இருந்தாலும் இரண்டு வருஷத்தில் காலி. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த இரண்டு வருஷமும் ஹெச்.பி. 12-க்குக் கீழே இறங்காது. சேமிப்பை எடுத்து எடுத்துச் செலவு பண்ணிச் சமாளிச்சுக்கிட்டே இருக்கும். சேமிப்பு சுத்தமாகத் தீர்ந்து, வண்டிகளில் சரக்கு குறைஞ்சு, கடைசியாகத்தான் ஹெச்.பி. இறங்கும். அதனால் ஹெச்.பி. 10 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் கொஞ்சம்தான் குறைவு என்று மடிச்சு வைச்சுடாதீங்க. பெட்டி காலியாகி ரொம்ப நாளாச்சு என்று அர்த்தம்.

மாதவிலக்கு 7 நாளுக்கு மேல் நீடிச்சாலோ, மணிக்கொரு தடவை துணி மாற்ற வேண்டி இருந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ அது சாதாரணம் இல்லை. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கக் கூடாது. ஓட்டைப் பானையில் தண்ணி ஊற்றுகிற மாதிரி, அதைச் சரி பண்ணாமல் எத்தனை மாத்திரை சாப்பிட்டும் பலன் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் மகளிர் மருத்துவரைப் பாருங்க. நம்ம மாவட்டத்தில் க.விலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கு. கர்ப்பப்பையை எடுத்துடலாம் என்று யாராவது முதல் பேச்சிலேயே சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கேட்காமல் அதுக்காகக் குழுவில் கடன் கேட்டு வராதீங்க.

ஓட்டைக்கு இன்னொரு காரணம் கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது பாதம் வழியாக உள்ளே போய், சிறுகுடலில் கடிச்சுத் தொங்கி ரத்தம் குடிக்கும். ஏலக்காய்த் தோட்டமும் வாழைத்தோட்டமும் எப்பவும் ஈரம். செருப்பு போடுங்க, கழிப்பறையைப் பயன்படுத்துங்க. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் பால்வாடியிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரையை விட்டுடாதீங்க. பெரியவங்க நர்சம்மாவிடம் கேட்டு வாங்கிக்கலாம்.

இனி கர்ப்பிணிகள். ஒரு பிள்ளை சுமந்து பெறுவதற்குக் கூடுதலாக ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு வேணும். பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300, தாயின் ரத்தம் பெருகுவதற்கு 500, மீதி அன்றாடச் செலவு. சேமிப்போ நல்ல நாளிலேயே 300. சாப்பாட்டில் மட்டும் இதை ஈடுகட்ட முடியாது. நாங்க கீரையை எவ்வளவு உயர்த்திப் பேசினாலும் இந்த இடத்தில் மாத்திரைதான். சுகப்பிரசவத்தில்கூட அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். ஹெச்.பி. 11, 12 இருக்கிறவள் அதைத் தாங்குவாள். 7-க்குக் கீழே இருக்கிறவளுக்கு அதே அரை லிட்டர் உயிருக்கு ஆபத்து.

மாத்திரையைப் பற்றி ஊருக்குள் பேசுவது எங்களுக்கும் தெரியும். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், பிள்ளை பெருசாகி ஆபரேஷன் ஆகிடும் என்பாங்க. இரண்டும் இல்லை. மலம் கறுப்பாகப் போகும், அது சேராத இரும்பு வெளியே போவதால், பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறப்ப போடுங்க. டீ, பாலோட வேண்டாம், தண்ணியோட போடுங்க. கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுப்பாங்க. அதையும் இதையும் ஒண்ணாகப் போட்டால் இரண்டும் வாசலில் முட்டிக்கும், ஒன்றைக் காலையில் போட்டால் மற்றதை ராத்திரி போடுங்க. கர்ப்பிணிகளுக்கு நாலாவது மாசத்தில் இருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள், தினம் ஒன்று. பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிடுகிறவங்கதான் அதிகம். காலியான பெட்டியை நிரப்புகிற காலமே அதுதான். ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் கொடுக்கிற இரும்பு டானிக்கும் பேரீச்சம்பழமும் வீட்டில் மற்றவங்களுக்குப் பங்கு போடுவதற்கு இல்லை. மாத்திரையில் ஏறாதவங்களுக்கு, மருத்துவர் பார்த்துச் சொன்னால், ஊசி வழியாக நரம்பில் ஏற்றுவதும் இருக்கு. அதைக் கேட்டு பயந்து ஓட வேண்டாம்.

அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போட ஃபோலிக் அமிலம் என்று இன்னொன்றும் சேர்ந்திருக்கும். அது சேர்ந்த கதையில் நம்ம நாட்டுப் பெண்கள் இருக்காங்க. 1928-ல் இங்கிலாந்தில் இருந்து லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் வந்தாங்க. பம்பாயில் மில் தொழிலாளிக் குடும்பத்துக் கர்ப்பிணிகள் ஒரு கடுமையான ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தாங்க. அது இரும்பு கொடுத்தும் சரியாகாத வகை. அந்த அம்மா பம்பாய், குன்னூர், சென்னையில் இன்றைக்குக் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்கிற கோஷா ஆஸ்பத்திரி என்று பல இடத்தில் ஆராய்ச்சி செய்து, ஈஸ்டில் இருந்து செய்கிற மார்மைட் என்ற மலிவான பொருளைக் கொடுத்தால் குணமாகுது என்று 1931-ல் எழுதினாங்க. அதில் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் என்பது பின்னாடி 1940-களில் தெரிய வந்தது. பெரிய வீட்டுப் பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி இல்லை அது. ஏழைத் தொழிலாளிப் பெண்களிடம் என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டதில் தொடங்கினது.

நேற்று மறந்துட்டேன், இன்னைக்கு இரண்டாகப் போட்டுக்கிறேன் என்று சொல்றவங்களுக்கு ஒன்று சொல்லணும். ஒரு மாத்திரை போட்டதும் ஈரல் ஹெப்சிடினைக் கூட்டிவிடும். ஏறக்குறைய ஒரு நாள் வாசல் பாதி மூடியிருக்கும். இதை சுவிட்சர்லாந்தில் 2015-லும் 2017-லும் பெண்களை வைத்துச் சோதித்துக் காட்டியிருக்காங்க. இரண்டாகப் போட்டால் இரண்டு மடங்கு சேராது, வயிற்று வலிதான் கூடும். கர்ப்பிணி இல்லாதவங்களுக்குச் சில டாக்டர்கள் ஒன்று விட்டு ஒரு நாள் போடச் சொல்வது இதனால்தான். கர்ப்பிணிகள் நர்சம்மா சொன்னபடி தினமும் போடணும், நீங்களாக மாற்றக் கூடாது.

அதோட இன்னொன்று. மாத்திரை அட்டையை எட்டாத உயரத்தில் வையுங்க. கேட்டால் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்றோம். 2023 மார்ச் மாதம் ஊட்டியில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் விளையாட்டாகப் போட்டி போட்டுக்கொண்டு இரும்புச்சத்து மாத்திரையை நிறைய விழுங்கிட்டாங்க. எட்டாம் வகுப்பு படிச்ச ஒரு பெண் பிள்ளை இறந்துபோனாள். அளவு மீறினால் குடலையும் ஈரலையும் அரிச்சுவிடும். வெளியே தள்ள உடம்புக்கு வழி இல்லை என்று சொன்னோமே, அதுதான் விஷயம். வீட்டில் தவழ்கிற பிள்ளை இருந்தால் மிட்டாய் என்று நினைச்சு வாயில் போட்டுவிடும். தெரியாமல் விழுங்கினது தெரிஞ்சா வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்க. இதைச் சொன்னதும் பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கிற நீல மாத்திரையை வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீங்க. வாரத்துக்கு ஒன்று, ஆசிரியர் முன்னாடி போட்டால் நல்லது மட்டும்தான்.

யாரும் தானாகவே மருந்துக்கடையில் டானிக் வாங்கி வருஷக்கணக்கில் குடிக்கவும் வேண்டாம். ரத்தசோகைக்கு பி12 குறைவு, தலசீமியா என்று பிறவியில் வருகிற கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று வேறு காரணமும் இருக்கும். தலசீமியா கடுமையாக இருக்கிறவங்களுக்கு இரும்பு ஏற்கனவே உடம்பில் தேங்கி நிற்கும். பார்க்காமல் கொடுத்தால் கெடுதல். இரண்டு மாசம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஹெச்.பி. ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி மேற்கொண்டு சோதனை கேளுங்க.

எல்லாக் குழு உறுப்பினர்களும் ஹெச்.பி. பார்க்கணும் என்று தீர்மானம் போட்டிருக்கோம். கர்ப்பிணி இல்லாத பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11, அதுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. எந்தக் கிராமத்துக்கு எந்த நாளில் நர்சம்மா வர்றாங்க என்பதைப் பிரதிநிதிகளிடம் சொல்லி அனுப்புறோம். தோட்டத்துக்குப் போகிறவங்களுக்கு வசதியாக சாயங்காலம் ஜீப் திரும்பி வந்த பிறகு வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கோம். தீர்மான நோட்டில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும். யாருக்கு எவ்வளவு என்று எழுத வேண்டாம், சத்தம் போட்டு வாசிக்கவும் வேண்டாம். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் நம்ம குழுவில் இருக்காங்க. அவங்கவங்க சீட்டு அவங்கவங்க பாஸ்புக்குக்குள்ளே இருக்கட்டும். 8-க்குக் கீழே இருக்கிறவங்களை மட்டும் நலக்குழுவில் ஒருத்தர் தனியாகக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம், பஸ் செலவு கூட்டமைப்பு நலநிதியில் இருந்து.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று கையைக் காட்டுறாங்க. கொள்ளு ரசமும் முருங்கைக்கீரையும் போடச் சொல்லியிருக்கோம், எலுமிச்சம்பழம் இலைக்கு ஒரு துண்டு இருக்கு. டீ மூணு மணிக்கு மேலேதான்.